திமிசு போட்ட இடம்

பொறியாளர்களின் புத்தகத்தில் 'பேவ்மென்ட்' என்றால் வண்டி ஓடும் சாலையின் அடுக்குகள். லண்டன்காரருக்கு ஓரமாக நடக்கிற பாதை. சென்னையில் அதைப் பிளாட்பாரம் என்பார்கள், டெண்டரில் நடைபாதை. லத்தீன் மூலத்துக்கு 'இடித்துக் கெட்டிப்படுத்துவது' என்று அர்த்தமாம். பேவர் பிளாக் பதிக்கும் மேஸ்திரியான எனக்கு இந்த அர்த்தம்தான் பிடித்திருக்கிறது. மேலே பதிக்கிற கல்லைப் பற்றி அதில் பேச்சே இல்லை பாருங்கள்.

கல் சிவப்பா, சாம்பலா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கீழே இருப்பதைக் கேட்பவர் குறைவு. சல்லியைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, அடுக்கடுக்காக இடிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி ஒரே தடவையில் இடித்தால் மேல்தோல் மட்டும் இறுகும். இப்போது அதிரும் மெஷின் வந்துவிட்டது. ஆனால் சாக்கடை மூடிகளைச் சுற்றி, மரத்தடியில், சுவரோரத்தில் அது நுழையாது. அங்கே இன்றும் கையால் இடிக்கும் திமிசுக்கட்டைதான். நடைபாதை முதலில் குழிவதும் அங்கேதான். இறுகிய தரையில் திமிசு விழுந்தால் கையில் எகிறும். இறுகாத மண் சத்தத்தையே விழுங்கிவிடும். ரசமட்டம் சொல்லாததைத் திமிசு சொல்லும்.

மழைநீர் ஓட 50-க்கு 1 வாட்டம் கொடுப்போம். அதையும் சல்லியிலேயே கொடுத்துவிட வேண்டும். மேலே வரும் மணல் எங்கும் ஒரே கனமாக, ஓரங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். மணலைக் கூட்டிக் குறைத்து வாட்டம் பார்த்தால் கல் அலை அலையாக இறங்கும். கல் பதிக்கும்வரை அந்த மணலில் கால் படக்கூடாது. பதித்த 60 மில்லிமீட்டர் கனமுள்ள கல்லின் மேல் மெஷினை ஓட்டினால் கீழ்மணல் இடுக்குகளில் ஏறும். மேலிருந்து பொடிமணலைத் துடைப்பத்தால் கூட்டி நிரப்புவோம். ஒரு கல்லின் பாரத்தைப் பக்கத்துக் கல்லுக்குக் கடத்துவது இந்த மணல்தான். சிலர் இடுக்கில் சிமெண்ட் பால் ஊற்றச் சொல்வார்கள். பார்க்கச் சுத்தம், பிறகு ஒரு கல்லை எடுக்க நாலு கல்லை உடைக்க வேண்டியிருக்கும்.

எடுத்துத் திரும்பப் பதிக்கலாம் என்பதுதானே பேவர் பிளாக்கின் சௌகரியமே! கேபிளுக்குத் தோண்டுகிறவர்கள் அதை மட்டும் சரியாகப் புரிந்துகொண்டார்கள். மண்ணைத் தள்ளிக் கல்லை அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த மழையில் பள்ளம் போன வழியெல்லாம் தெரியும். தோண்ட அனுமதி கொடுப்பவர்கள், பள்ளத்தை அடுக்கடுக்காக இடித்து மூடியதைப் பார்த்த பிறகே கல்லைத் தொடவிடலாம். கூடுதலாக ஆவது அரை நாள் கூலி.