பேஸ் கிட்டாருக்கு வந்த காசும், நாங்கள் தேடிய சத்தமும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. காசு தந்தவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசிக்க வேண்டும், கணக்கு கீழே இருக்கிறது.

பாடசாலையின் மேலைத்தேய சங்கீதப் பிள்ளைகளுக்கு ஒரு பேஸ் கிட்டாரும் அம்ப்ளிஃபயரும் வாங்குவதற்குப் பெற்றோரும் பழைய மாணவர்களும் சேர்ந்து 2 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா தந்தீர்கள். சாமான் வந்து சேர்ந்த பிறகு எங்கள் காதுக்கு வந்த கேள்விகள் மூன்று. "இவ்வளவு காசு இருந்தும் ஏன் சின்னக் கிட்டார், அதுவும் பாவிச்சது?" "கிட்டாரை விடப் பெட்டிக்கு ஏன் கூடக் காசு?" "காலைக் கூட்டத்துக்குப் பாவிக்கிற அம்ப் சும்மாதானே கிடக்கு?"

மூன்றும் நியாயமான கேள்விகள். தந்தவர்களில் கட்டாரில் வெயிலில் நின்று உழைத்தவர்களும் இருக்கிறார்கள், நாட்கூலிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

நாங்கள் என்றால் மூன்று பேர். சங்கீத மிஸ், கல்யாண வீடுகளில் பேஸ் வாசிக்கும் பழைய மாணவரான ஒரு நானா, பத்தாம் பதினோராம் ஆண்டுகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர். மூவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்பதால் இதை மூவருடைய பெயரிலும் எழுதுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். இசை பற்றி எங்கள் சமூகத்தில் வேறுபட்ட கருத்துகள் உண்டு, அவற்றை மதிக்கிறோம். அந்த விவாதத்துக்கு இந்தப் பதிவு இடமல்ல. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் பாடசாலை இது. அந்தப் பாடத்தை எடுப்பதா இல்லையா என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் தீர்மானிக்கிறார்கள். எடுத்த பிள்ளைக்கு ஒழுங்கான கருவி கொடுப்பது மட்டும்தான் எங்கள் வேலை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

பைலா பாட்டு ஒன்று போகும்போது கால் தானாக ஆடுகிறதல்லவா? பாடகரின் குரலுக்குக் கீழே, றபானுக்கும் ட்ரம்முக்கும் பக்கத்தில், ஒரு தடித்த சத்தம் நடந்து போகும். அதுதான் பேஸ். நான்கு கம்பிகள். ஆகத் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் அதன் மீடிறன் சுமார் 41 ஹேர்ட்ஸ், மற்றவை 55, 73, 98. முன்பெல்லாம் இந்த வேலையை ஆள் உயரத்துக்கும் மேலான டபுள் பேஸ் செய்தது. 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்சாரக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1960இல் 'ஜேஸ் பேஸ்' வந்தது. இன்று கடைகளில் தொங்கும் பேஸ் கிட்டார்களில் பெரும்பாலானவை, எந்தப் பெயரில் வந்தாலும், இந்த இரண்டில் ஒன்றின் வழி வந்தவைதான்.

வித்தியாசம் பிக்கப்பில் இருக்கிறது. பிரிசிஷன் வகையில் நடுவில், இரண்டாகப் பிரிந்த ஒரு பிக்கப். சத்தம் உருண்டையாக, ஒரே பிடியாக வரும். ஜேஸ் வகையில் இரண்டு பிக்கப். பாலத்துக்குப் பக்கத்தில் உள்ளதைக் கூட்டினால் சத்தம் மூக்கால் பேசுவதுபோலக் கூர்மையாகும், மற்றதைக் கூட்டினால் தடிக்கும். பதினோராம் ஆண்டில் நாங்கள் ஒலியின் 'பண்பு' என்று படிப்பிப்பது இதைத்தான். ஒரே சுருதி, ஒரே உரப்பு, ஆனால் மேற்றொனிகளின் கலவை வேறு.

கொழும்பில் இரண்டு கடைகளுக்கும், பாவித்த கருவி விற்கும் ஒருவரின் வீட்டுக்கும் போனோம். போகும் முன்பே மூன்று விதி வைத்துக்கொண்டோம். ஒரே ஆள், ஒரே வரியை வாசிக்க வேண்டும். எல்லாக் கருவிகளையும் ஒரே அம்ப்பில், எல்லாக் குமிழும் நடுவில் வைத்துக் கேட்க வேண்டும். உரப்பு எல்லாவற்றுக்கும் சமமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது விதிதான் ஆக முக்கியம். சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் சரியாகக் கேட்பதில்லை. ஃபிளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். ஆகவே எதைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலும் அது தடிப்பாக, 'நல்லதாக'க் கேட்கும். இரண்டு கருவிகளை வேறு வேறு உரப்பில் கேட்டால், தெரிவு செய்வது குமிழைத்தான், கருவியை அல்ல. வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானா வாசித்தார். மிஸ்ஸும் மற்றவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து கருவிகள். அவற்றில் ஆகக் கூடின விலைக்கும் நடுத்தர விலைக்கும் இடையில் எங்கள் காதுக்குப் பெரிய தூரம் தெரியவில்லை. கம்பி புதிதா பழையதா என்பது அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு வாசிக்கப் போகிற பிள்ளையின் கையில் கொடுத்தோம். தாயும் கூட வந்திருந்தார். சின்ன உருவம், சின்ன விரல்கள். சாதாரண பேஸ் கிட்டாரில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். முதல் ஃபிரெட்டைப் பிடிக்கப் பிள்ளையின் தோள் முழுதாக நீண்டது, மணிக்கட்டு மடிந்தது. பத்து நிமிஷத்தில் கையை உதறத் தொடங்கிவிட்டது. சத்தமும் கெட்டது. விரல் சரியாக அழுத்தாத கம்பி இரையும், எந்தப் பிராண்டாக இருந்தாலும் இரையும்.

நானா சொன்னார்: "சேர், கையில ஏறாத சாமான வாங்கி அலுமாரிலதான் வைக்கணும்."

30 அங்குல நீளமுள்ள, பாவித்த ஒன்றைக் கொடுத்துப் பார்த்தோம். பிள்ளை அரை மணித்தியாலம் கீழே வைக்கவில்லை. இது விளையாட்டுச் சாமான் அல்ல. பீட்டில்ஸ் குழுவின் போல் மெக்கார்ட்னி 1961இல் ஹம்பர்க்கில் வாங்கிய, வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸும் 30 அங்குலம்தான். நீளம் குறைந்தால் கம்பியின் இழுவிசை குறையும், சத்தம் கொஞ்சம் மெத்தென்று, உருண்டு வரும். பாட்டுக்குக் கீழே நிற்க அது நல்லது. நெக் நேராக இருக்கிறதா, ஃபிரெட் தேய்ந்திருக்கிறதா, குமிழ் திருப்பும்போது கரகரக்கிறதா, வயர் செருகும் இடம் ஆடுகிறதா என்று எல்லாம் பார்த்துத்தான் எடுத்தோம். முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

மிச்சக் காசில் நல்ல கம்பி வாங்கினோம். சாதாரணக் கம்பியின் மேல்சுற்று உருண்டையாக இருக்கும், சத்தம் பளிச்சென்று வரும், விரல் இழுக்கும்போது கீச்சிடும். ஃபிளாட்வூண்ட் கம்பியின் மேல்சுற்று தட்டை. சத்தம் மங்கலாக, ஆழமாக வரும், விரலும் நோகாது. 1960களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தன் 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸில் இந்தக் கம்பியைத்தான் போட்டிருந்தார். லேசில் மாற்றவும் மாட்டார். பாலத்தின் மூடிக்குக் கீழே ஒரு துண்டு ஸ்பொன்ஜ், வலக்கையில் ஒரே ஒரு விரல். அவ்வளவுதான். நாங்களும் ஸ்பொன்ஜ் துண்டு ஒன்றை வெட்டி வைத்துப் பார்த்தோம். செலவு பூச்சியம், வித்தியாசம் உடனே கேட்கிறது.

இப்போது பெட்டி. காலைக் கூட்டத்துக்குப் பாவிப்பது குழாய் ஸ்பீக்கர். அது பேச்சு தூரத்துக்குக் கேட்பதற்காகச் செய்தது. சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது வெளியே விடாது. பேஸின் உயிரே அதற்குக் கீழேதான் இருக்கிறது. சாதாரண கிட்டார் அம்ப்பில் போட்டுக் கூட்டினால் ஸ்பீக்கரின் கடதாசி அளவுக்கு மீறி முன்னும் பின்னும் அடித்துக் கிழியலாம். தாழ்ந்த சுரத்துக்குக் கூடுதல் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய ஸ்பீக்கரும் நல்ல பெட்டியும் வேண்டும். 1960இல் வந்த அம்பெக் பி-15 என்ற புகழ்பெற்ற பேஸ் அம்ப்பின் வலு 25 வொட் அளவுதான், ஆனால் ஸ்பீக்கர் 15 அங்குலம்.

50 வொட்டா 100 வொட்டா என்று யோசித்தபோது, வொட் இரண்டு மடங்கானால் சத்தமும் இரண்டு மடங்காகும் என்று பலர் நினைப்பது தெரிந்தது. இல்லை. கூடுவது 3 டெசிபெல் மட்டும். சத்தம் இரண்டு மடங்கு போலக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வலு வேண்டும். ஆகவே வொட்டைப் பார்த்து மட்டும் நாங்கள் தெரிவு செய்யவில்லை. ட்ரம் அடிக்கும்போதும் ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கிறதா என்று பார்த்தோம். ஒரு பெட்டி தனியாகக் கேட்டபோது கடை அதிர்ந்தது. அதைக் கேட்டுவிட்டு மிஸ் சொன்னார்: "நல்லாக் குமுறுது. ஆனா என்ன சுரம் எண்டு விளங்குதில்ல." அதை விட்டுவிட்டோம். 12 அங்குல ஸ்பீக்கருள்ள, பாவித்த 100 வொட் பெட்டி ஒன்றை எடுத்தோம். பேஸுக்கு ஆகக் கீழே உள்ள சத்தத்தைவிட, நடுப்பகுதிச் சத்தம்தான் கூட்டத்துக்குள் அதன் முகத்தைக் காட்டுகிறது. அது இந்தப் பெட்டியில் தெளிவாக இருந்தது.

மண்டபத்தில் வைத்தபோது இன்னொரு வேலை இருந்தது. மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து கீழ்ச் சத்தத்தை ஊதிப் பெருக்கும். மூலையை விட்டு வெளியே எடுத்து, ஒரு வாங்கின் மேல் தூக்கி வைத்தோம். குமிழ் எதையும் தொடாமலே கடைசி வரிசையில் பாட்டு தெளிந்தது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. முதல் நாள் பெட்டியில் ஒரு இரைச்சல் இருந்தது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். தடித்த கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் சுரம் 49 ஹேர்ட்ஸ். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, இரைச்சல் சுரத்தோடு கலந்துவிடும். "ஏர்த் பின்ன வெட்டி விடுங்க, நிண்டுரும்" என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். பிள்ளையின் விரல் இருப்பது உலோகக் கம்பியில். அந்தக் கம்பி வயர் வழியாக அம்ப்போடு தொடுத்திருக்கிறது. உள்ளே ஏதாவது பழுதானால் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோவது அந்த ஏர்த்தான். மின்சார வேலை தெரிந்தவரை அழைத்து மண்டபத்தின் பிளக்கைச் சோதித்தோம். ஏர்த் வயர் உள்ளே விட்டுப்போயிருந்தது. சரி செய்ததும் இரைச்சல் அடங்கியது. இரைச்சல் வராமல் இருந்திருந்தால் அந்தப் பிளக்கை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். பள்ளிவாசல், கோயில், கல்யாண மண்டபம், வீடு என்று அம்ப் வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறை பாருங்கள்.

கணக்கு இது:

பேஸ் கிட்டார், பாவித்தது: 65,000
அம்ப்ளிஃபயர், பாவித்தது: 1,05,000
கம்பி ஒரு செட்: 15,000
வயர், தோள் பட்டி, உறை: 7,000
மண்டப மின் வேலை: 12,000
கையிருப்பு: 6,000

பயணச் செலவு எங்களுடையது. பற்றுச்சீட்டுகள் அதிபரின் அலுவலகத்தில் இருக்கின்றன, யாரும் வந்து பார்க்கலாம். கையிருப்பு அடுத்த செட் கம்பிக்கு.

பிள்ளை இப்போது செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்ட பிறகு பழகுகிறது. இரண்டு பாட்டு பிடித்துவிட்டது. இந்தப் பிள்ளை பாடசாலையை விட்டுப் போன பிறகு அடுத்த பிள்ளையின் கைக்கும் இது ஏறும். வந்து கேட்க விரும்புகிறவர்கள் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு வாருங்கள். மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், அங்கே ஏதாவது தெளிவில்லை என்றால் எங்களுக்குச் சொல்லுங்கள். பெட்டியை இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாம்.