கேள்விக்கும் நான்கெல்லை வேண்டும்

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு நடக்கும் கட்டுரைப் போட்டிகளில் பெரும்பாலான கட்டுரைகள் தோற்பது மொழியால் அல்ல. சட்டம் தெரியாததாலும் அல்ல. கேள்வி பெரிதாக இருப்பதால் தோற்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்து இரணியல் நீதிமன்றத்தில் வழக்கு நடத்திக்கொண்டே, மண்டைக்காட்டுச் சுற்றுவட்டாரத்திலிருந்து திருநெல்வேலிக்கும் திருவனந்தபுரத்துக்கும் சட்டம் படிக்கப் போகும் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். போட்டிகளில் மதிப்பீட்டாளராக உட்கார்ந்தும் படித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இது.

போட்டி நடத்துகிறவர்கள் தலைப்பை அகலமாகத்தான் வைப்பார்கள். சுற்றுச்சூழல் உரிமை, மதச்சார்பின்மை, பாலினச் சமத்துவம், செயற்கை நுண்ணறிவும் அடிப்படை உரிமைகளும் என்று வரும். நாடு முழுவதிலுமிருந்து எழுதுகிறவர்களுக்கு இடம் விட வேண்டுமே. மாணவர் அந்த அகலம் முழுவதையும் தானே எழுதி நிரப்ப வேண்டும் என்று நினைத்துவிடுகிறார். அரசமைப்பின் முகப்புரையில் தொடங்குவார். 21-ஆம் பிரிவு வரும். 1978-இன் மேனகா காந்தி வழக்கும் 2017-இன் புட்டசாமி வழக்கும் வரும். அரசும் நீதிமன்றமும் மக்களும் சேர்ந்து செயல்பட வேண்டும் என்று முடியும். ஒரு வரியிலும் பிழை இருக்காது. ஆனால் அடுத்து எடுக்கும் கட்டுரையும் அதே வரிசையில்தான் இருக்கும். பெயரையும் கல்லூரியையும் மறைத்து, வெறும் எண்ணோடு வரும் தாள்கள் அவை. எழுதியவர் யார் என்று தெரியாதபோது ஒரு கட்டுரையை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அது எழுப்பும் கேள்வி மட்டும்தான்.

எங்கள் பக்கத்து விலைப்பிரமாணம், அதாவது கிரயப் பத்திரம், எதை எடுத்துப் பார்த்தாலும் சொத்துக்கு நான்கெல்லை எழுதியிருக்கும். எல்லை எழுதாத பிரமாணத்தை நம்பி யாரும் பணம் கொடுப்பதில்லை. கட்டுரைக் கேள்விக்கும் அப்படி நான்கு எல்லை எழுதிக்கொண்டு வரச் சொல்வேன்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த இடம், எந்தக் காலம், யாருடைய உரிமை. இந்த நான்கையும் ஒரே வாக்கியத்தில் எழுத முடிந்தால் கட்டுரையில் பாதி முடிந்தது.

ஒரு மாணவி கேட்டாள்: "சார், சுற்றுச்சூழல் உரிமைன்னு தலைப்பு குடுத்திருக்காவ. எங்கெருந்து தொடங்கட்டு?"

"ஒனக்கு எந்த ஊரு மக்களே?"

"கொட்டில்பாடு."

"அப்பொ கடலரிப்புக்குப் போட்ட கல்லு ஒன் வீட்டுப் பக்கத்துலதானே கெடக்கு. அதுக்கு எந்தச் சட்டத்துல அனுமதி வாங்கணும், யாருட்ட கேக்கணும்னு பாத்தியா?"

அவள் பார்த்தாள். 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அதன் இடத்தில் 2011-இல் வந்தது, பிறகு 2019-இல் வந்தது என்று மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தாள். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அடித்துப் போன கரையில் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே சட்டம் என்னென்ன சொல்கிறது என்று எழுத அவளுக்குப் பொதுவான வாக்கியம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

போட்டிக்கு எழுதும் கட்டுரை பரிசோடு முடிந்துபோகும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் தாமஸ் கிளார்க்சனைப் பற்றிச் சொல்வதுண்டு. 1785-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பீட்டர் பெக்கார்டு லத்தீன் கட்டுரைப் போட்டிக்கு ஒரு கேள்வி வைத்தார்: மனிதரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது சட்டப்படி தகுமா? கிளார்க்சனுக்கு அப்போது வயது 25. பொருளைப் பற்றி முன்பின் தெரியாது; பரிசு ஒன்றுதான் நோக்கம். ஆன்டனி பெனசெட் எழுதிய நூலையும் அடிமை வணிகத்தோடு தொடர்புள்ளவர்களின் தகவல்களையும் தேடிப் படிக்கப் படிக்க அவர் தூக்கத்தை இழந்தார். பரிசும் வாங்கினார். பிறகு லண்டனுக்குப் போகும் வழியில், கட்டுரையில் எழுதியது உண்மையானால் யாராவது ஒருவர் இதற்கு முடிவு கட்டியாக வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1786-இல் கட்டுரை ஆங்கிலத்தில் நூலாக வந்தது. மறு ஆண்டு அடிமை வணிக ஒழிப்புக் குழு அமைந்தது. 1807-இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைச் சட்டத்தால் தடை செய்தது. எங்கள் ஊரும் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அரச விளம்பரம் 1855-இல்தான் வந்தது. பெக்கார்டின் கேள்விக்கு எல்லை இருந்ததைக் கவனிக்க வேண்டும். அடிமைத்தனம் நல்லதா கெட்டதா என்று அவர் கேட்கவில்லை. விருப்பத்துக்கு மாறாக, சட்டப்படி என்ற இரண்டும் அந்தக் கேள்வியின் வேலிகள்.

இன்று இங்கிலாந்தின் பார் கவுன்சில் நடத்தும் சட்டச் சீர்திருத்தக் கட்டுரைப் போட்டியும் இதே வழியில்தான் போகிறது. எந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும், ஏன் மாற்ற வேண்டும் என்று 3,000 சொற்களுக்குள் சொல்லச் சொல்கிறது. 3,000 சொற்களில் ஒரு மாற்றத்தைத்தான் உருப்படியாக வாதாட முடியும்.

இனி என் ஊருக்கு வருகிறேன். மாசிக் கொடைக்கு இருமுடி கட்டிப் பெண்கள் வரும் மண்டைக்காடு பகவதியம்மன் கோயிலைத் தமிழ்நாடு முழுவதும் தெரியும். இந்தக் கோயிலும் இந்த மாவட்டத்துப் பழைய திருவிதாங்கூர் தேவஸ்வக் கோயில்களும் இந்திய அரசமைப்போடு நேரடியாகத் தொடர்புடையவை என்பது பல சட்ட மாணவர்களுக்கே தெரியாது. 1956-இன் ஏழாவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 290-ஏ பிரிவு, அந்த ஆண்டு நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து இங்கே மாறிவந்த பகுதிகளின் கோயில்களைப் பராமரிக்க, தமிழ்நாட்டின் தொகுநிதியிலிருந்து ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தேவஸ்வம் நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. கேரளத்துக்கு அதே பிரிவு வைத்த தொகை 46 லட்சத்து 50 ஆயிரம்.

மதச்சார்பின்மை என்ற அகலத் தலைப்பு கிடைத்த மாணவர் இந்த ஒரு பிரிவை எடுத்துக்கொண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள். குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்காக யாரையும் வரி கட்டக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 27-ஆம் பிரிவு. அதோடு 290-ஏ பொருந்துமா? பொருந்தாது என்று எழுதிவிட்டு நிறுத்தினால் அது பாதிக் கட்டுரை. இந்தப் பணம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பின்னோக்கிப் போக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்னல் மன்றோவின் காலத்தில் திருவிதாங்கூர்க் கோயில்களின் நிலங்களை அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது; கோயில் செலவு அரசின் பொறுப்பாயிற்று. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது செய்த உடன்படிக்கையில் அந்தப் பொறுப்பு எழுத்தில் ஏறியது. அப்படியானால் இது கொடையா, வாங்கிக்கொண்ட சொத்துக்கான கடனா? இரண்டு பதிலுக்கும் வலுவான வாதம் உண்டு.

அடுத்த படி இன்னும் நுட்பமானது. 290-ஏ இந்தத் தொகையைத் தொகுநிதியின் மேல் சாற்றுகிறது; அப்படிச் சாற்றப்பட்ட செலவைச் சட்டமன்றம் விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விட முடியாது என்று 203-ஆம் பிரிவு சொல்கிறது. தொகையை மாற்ற வேண்டுமானால் அரசமைப்பையே திருத்த வேண்டும். 1956-இன் 13 லட்சத்து 50 ஆயிரம் உச்சவரம்பா, குறைந்தபட்ச உறுதியா? அதற்கு மேல் அரசு கொடுத்தால் அது எந்தப் பிரிவின்கீழ் வரும்? இத்தனைக்கும் வேண்டியவை அரசமைப்பின் சில பிரிவுகள், ஒரு உடன்படிக்கை, வரவு செலவுத் திட்ட ஆவணம். எல்லாமே பொது ஆவணங்கள். சென்னையிலோ டெல்லியிலோ படிக்கும் மாணவருக்குக் கிடைக்காத அனுகூலம் எங்கள் பிள்ளைகளுக்கு உண்டு: அந்தக் கோயிலின் கொடையைச் சிறு வயதிலிருந்து பார்த்தவர்கள் இவர்கள்.

மண்டைக்காடு என்றால் 1982-ஐப் பேசாமல் விட முடியாது. அந்த ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி, கொடை நேரத்தில் தொடங்கிய மதக் கலவரமும் துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் இந்தக் கரையோரத்தின் நினைவில் இன்றும் உண்டு. அதை எழுத வரும் மாணவரிடம் நான் முதலில் சொல்வது, யார் குற்றவாளி என்று தீர்ப்பு எழுத உட்காராதே என்பதுதான். இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் இங்கேதான் வாழ்கின்றன. அந்தத் தீர்ப்பை எழுதுவதற்கான சாட்சியமும் ஒரு மாணவரின் கையில் இல்லை. ஆனால் எழுதத் தகுந்த சட்டக் கேள்வி ஒன்று அங்கே இருக்கிறது. அந்தக் கலவரத்தைப் பற்றி நீதிபதி பி. வேணுகோபால் தலைமையில் அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. வலுக்கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பதும் அந்த ஆணையத்தின் பரிந்துரைகளில் ஒன்று. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் 2002-இல்தான் வந்தது, 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஓர் ஆணையத்தின் அறிக்கைக்குச் சட்டத்தில் என்ன எடை?

இதற்கு 1952-இன் விசாரணை ஆணையங்கள் சட்டத்தைப் படிக்க வேண்டும். அறிக்கையையும் அதன் மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்பையும் ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது 3(4)-ஆம் பிரிவு. வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஒருவரின் நற்பெயருக்குக் கேடு வரக்கூடுமானால் அவரைக் கேட்காமல் முடிவு சொல்லக் கூடாது என்கிறது 8-பி பிரிவு. ஆணையம் உண்மையைக் கண்டு சொல்லும், பரிந்துரைக்கும். நீதிமன்றம்போல் யாரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு தராது என்பதை 1958-இல் ராமகிருஷ்ண டால்மியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இவற்றை வைத்துக்கொண்டு, கலவரத்துக்குப் பிறகு அமைக்கும் ஆணையத்திடம் பாதிக்கப்பட்டவர்கள் சட்டப்படி எதை எதிர்பார்க்கலாம் என்று நிதானமாக எழுதலாம். அப்படிப்பட்ட கட்டுரை எந்தத் தரப்பையும் காயப்படுத்தாது, எல்லாருக்கும் பயன்படும்.

கடலுக்குப் போனால் இன்னொரு கேள்வி. ஒரே கன்னியாகுமரி மாவட்டத்தில் விசைப்படகுகளுக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 1983-இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தோடு இதை வைத்துப் படித்து, ஒரு கரையில் தடை, அடுத்த கரையில் அனுமதி என்ற நாட்களில் படகில் போகும் கூலித் தொழிலாளியின் நிலை என்ன என்று கேட்டால் அது பிழைப்புரிமை பற்றிய முதல்தரமான கட்டுரை.

நிலத்துக்கு வந்தால் கிறிஸ்தவப் பெண்களின் வாரிசுரிமை பற்றிய மேரி ராய் வழக்கு. 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த அந்தத் தீர்ப்பை எல்லாரும் கேரளத்து வழக்காகத்தான் எழுதுகிறார்கள். திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் கொல்லம் ஆண்டு 1092-இல், அதாவது 1916-இல் வந்தபோது எங்கள் தாலுகாக்களும் திருவிதாங்கூர்தான். மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்ற சட்டம் அது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1951-இலிருந்தே பொருந்தும் என்று தீர்ப்பு சொன்ன பிறகு, இந்தப் பக்கத்துப் பெண்கள் பங்கை வாங்கினார்களா, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்களா? நீதிமன்ற வாசலில் அன்றாடம் நிற்கும் கேள்வி இது.

கேள்வி அமைந்த பிறகு வேலையின் ஒழுக்கம் பற்றிச் சில சொல்கிறேன். தீர்ப்பை முழுதாகப் படிக்க வேண்டும். தலைக்குறிப்பைப் படித்து எழுதியதா, தீர்ப்பையே படித்து எழுதியதா என்று அனுபவமுள்ள மதிப்பீட்டாளருக்கு இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். மாறுபட்ட நீதிபதியின் கருத்து இருந்தால் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும்; எதிர்வாதத்தின் மிக வலுவான வடிவம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். தீர்ப்புக்குக் காரணமான சட்டக் கருத்து எது, போகிற போக்கில் சொன்னது எது என்று பிரித்தறிய வேண்டும். அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறதா, பிரிவு திருத்தப்பட்டுவிட்டதா என்று அனுப்பும் நாளுக்கு முன் மறுபடி சரிபார்க்க வேண்டும். அடிக்குறிப்பில் கொடுக்கும் வழக்கு ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். கணினி எழுதிக் கொடுத்த இல்லாத வழக்குகள் கட்டுரைகளில் வரத் தொடங்கிவிட்ட காலம் இது. மாணவராக இருக்கும்போது, பார்க்காமல் எழுதும் அந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் நாளை மனுவிலும் வரும். கட்சிக்காரர் தலையில் விடியும்.

எதிர்த்தரப்புக்குக் கட்டுரையில் மரியாதையான இடம் கொடுங்கள். இரண்டு வரியில் தட்டிவிட்டுப் போகாதீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் கட்டுரையைப் படித்து, என் வாதத்தை நான் சொல்வதைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறார் என்று நினைக்க வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் பதிலுக்குத்தான் மதிப்பு. முடிவில் கேட்கும் மாற்றமும் குறிப்பாக இருக்கட்டும்: எந்தப் பிரிவில் எந்தச் சொற்களைச் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் காட்டுங்கள்.

பெரும்பாலான போட்டிகள் ஆங்கிலத்தில்தான் கேட்கின்றன. தமிழில் படித்து வந்த பிள்ளைகள் அதைக் கண்டு ஒதுங்க வேண்டாம். வாதத்தை முதலில் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். தமிழில் நிற்காத வாதம் ஆங்கிலத்திலும் நிற்காது; நின்றுவிட்டால் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்க ஆள் கிடைக்கும். கட்டணம் வாங்கும் போட்டியானால் மதிப்பிடுகிறவர்கள் யார், தேர்வான கட்டுரை எங்கே அச்சாகும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மூத்த வழக்கறிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம்மிடம் வரும் இளையவர்களுக்குப் பழைய கட்டுகளைத் திறந்து காட்டுங்கள். மலையாள எழுத்தில் இருக்கும் திருவிதாங்கூர் காலத்துப் பிரமாணங்களைப் படித்துச் சொல்லுங்கள். வாரம் ஒரு மணி நேரம் அவர்கள் எழுதியதைப் படித்து, கேள்வியைச் சுருக்க உதவுங்கள். மாணவர்களே, அடுத்த போட்டியின் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரில் சட்டம் நேராகத் தொடும் ஓர் இடத்தை இன்றே தேர்ந்தெடுத்து, அதற்கு நான்கெல்லை எழுதி, அந்தப் பிரிவை முழுதாகப் படியுங்கள். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த ஒரு பிரிவில் உங்களை யாரும் அசைக்க முடியாது. வழக்கறிஞராவதன் முதல் படி அதுதான்.