நூறு மைக்ரான்

போன வருஷம் சித்திரைத் தேர் முடிந்த வாரத்தில், அப்பாவின் மாருதி ஸென்னுக்கு நானே பாலிஷ் போடுவது என்று முடிவு செய்தேன். பாசம் என்றெல்லாம் இல்லை. ஆபீஸில் ஒரு ரிலீஸ் தள்ளிப்போய் ஐந்து நாள் லீவ் கிடைத்திருந்தது. பெங்களூரிலிருந்து அவிநாசிக்கு வந்து மூன்றாம் நாளே, திரையில் இல்லாத ஏதாவது ஒரு வேலையைக் கையால் செய்தால் தேவலை என்று தோன்றிவிட்டது.

2005-ல் எடுத்த வண்டி. கருநீல மெட்டாலிக். அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். எங்கள் சொந்தத்தில் அவர் வயசுக்காரர்களில் கார் வாங்கிய முதல் ஆள். தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் வண்டியைத் துடைப்பார். கம்பெனியிலிருந்து கொண்டுவரும் பனியன் வேஸ்ட்தான் துணி. ரிட்டையர் ஆன பிறகும் யாரோ ஒருவர் மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். இருபது வருஷம், ஒரு நாள் தவறாமல்.

ராத்திரி போர்டிகோவில் செல்போன் டார்ச்சைப் பானட்டின் மேல் அடித்துப் பார்த்தேன். வெளிச்சப் புள்ளியைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி ஆயிரக்கணக்கான வட்டக் கீறல்கள். டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்ந்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கீறல்கள் நிஜத்தில் வட்டமானவை அல்ல, எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்று கிடப்பவை. அவற்றில் வெளிச்சத்துக்குக் குறுக்கே விழுந்தவை மட்டும் நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்புவதால், எங்கே விளக்கைப் பிடித்தாலும் அதைச் சுற்றி வட்டம் தெரியும். நாள்பட்ட எவர்சில்வர் தட்டைப் பல்புக்குக் கீழே பிடித்துப் பாருங்கள், அதே வலை.

இந்தக் கீறலை எல்லாம் போட்டது அப்பாதான். ராத்திரி படிந்த புழுதியின் மேல் காய்ந்த துணியை வைத்துத் தேய்த்தால், மண் துகள் ஒவ்வொன்றும் உளி. தண்ணீர் ஊற்றிக் கழுவிய நாட்களில் வேறு கணக்கு. எங்கள் போர் தண்ணீர் உப்பு. சொட்டு வெயிலில் காய்ந்தால் வெள்ளை வட்டம், நாளாக ஆக அது பெயின்டையே அரித்து உள்ளே இறங்கிவிடும். அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் ஒருவழியாகத் தொடங்கி, பவானித் தண்ணீர் 1,045 குளம் குட்டைகளுக்கு என்று வந்தது. குளத்துக்கு வந்தது. எங்கள் போருக்கு இன்னும் உப்பு குறையவில்லை.

மறுநாள் பைபாஸ் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெயின்டர் அண்ணனிடம் போனேன். சின்ன வயசிலிருந்து தெரியும். மெஷின் வாங்கியிருக்கிறேன் என்றதும் சிரித்தார்.

"ஏனுந்தம்பி, கம்ப்யூட்டர் வேல போயிருச்சுங்களா?"

அவருடைய மெஷின் ரோட்டரி. ஒரே அச்சில் சுற்றுவது, கம்பளிப் பேட் மாட்டியது. என்னுடையது டூயல் ஆக்ஷன். அது சுற்றிக்கொண்டே தள்ளாடும், அதனால் சூடு ஒரே இடத்தில் சேராது. ரோட்டரியை ஓர் இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினால் பெயின்ட் வெந்துவிடும். அண்ணன் பழைய ஃபெண்டர் ஒன்றை எடுத்துப் போட்டு, விளிம்பில் வேண்டுமென்றே மெஷினை நிறுத்திக் காட்டினார். ஐந்தாறு நொடிதான். நீலம் போய் ப்ரைமர் தெரிந்தது. "மூலையிலயும் மடிப்புலயும் பெயின்ட் நிக்காதுங்க, வழிஞ்சு எறங்கிரும். அங்க டேப் ஒட்டிப்போட்டு அப்பறம் தொடுங்க" என்றார்.

அவர் இன்னும் "டூகோ அடிக்கறது" என்றுதான் சொல்கிறார். டூகோ என்பது டூபான்ட் கம்பெனி 1920-களில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டின் வணிகப் பெயர். அதற்கு முன்னால் ஒரு காருக்கு வார்னிஷ் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். டூகோ சில மணி நேரத்தில் காய்ந்தது. 1924-ம் வருஷத்து ஓக்லண்ட் கார்கள் நீல நிறத்தில் அந்தப் பெயின்டோடு வந்தன. அந்தப் பெயின்ட் கார் கம்பெனிகளை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் அவிநாசி பைபாஸில் உயிரோடு இருக்கிறது.

பழைய அம்பாசிடர் மாதிரி வண்டிகளில் நிறமே மேல் அடுக்கு. காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் துணியில் நிறம் ஏறும். மெட்டாலிக் வண்டிகளில் நிறத்துக்கு மேல் கண்ணாடி போல ஒரு கிளியர் அடுக்கு. நாம் தேய்ப்பது அதை மட்டும்தான், துணியில் வெள்ளையாகத்தான் வரும். தகரத்துக்கு மேலே மொத்தப் பெயின்டும் சேர்ந்து நூறு மைக்ரானுக்குச் சற்று முன்பின், ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம். அதில் கிளியர் பாதிகூடக் கிடையாது. பாலிஷ் என்றால் கீறலை நிரப்புவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள எல்லாவற்றையும் செதுக்கிக் கீழே கொண்டுவருவதுதான் பாலிஷ். வெயிலைத் தடுக்கும் சரக்கும் அந்தக் கிளியரில்தான் இருக்கிறது. ரொம்பத் தேய்த்தால் சில வருஷத்தில் கூரையிலும் பானட்டிலும் தோல் உரிகிற மாதிரி வெள்ளைத் திட்டுகள் வரும். எங்கள் தொழிலில் எதைக் கெடுத்தாலும் பழைய கமிட்டுக்குத் திரும்பிவிடலாம். இதில் அந்த வசதி இல்லை.

அதனால் கனம் அளக்கும் கேஜ் ஒன்றும் வாங்கிவைத்திருந்தேன். தகரத்தின் மேல் வைத்தால் மைக்ரானில் எண் காட்டும்.

முதலில் பானட்டில் ஒரு மூலையை எடுத்துக்கொண்டேன். இரண்டடிக்கு இரண்டடி. ஷாம்பு போட்டுக் கழுவி, களிக்கட்டியால் வழித்து ஒட்டிய அழுக்கை எடுத்து, விளிம்புகளில் டேப். ஃபோம் பேடில் பட்டாணி அளவில் நாலு சொட்டுப் பாலிஷ். மெஷினை ஓடவிடாமல் முதலில் ஒற்றி ஒற்றிப் பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் சுவரெல்லாம் தெறிக்கும் (தெறித்தது). அப்புறம் மெதுவாக இடவலம், பிறகு மேல்கீழ், ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் பாதியை மூடுகிற மாதிரி. கை வேகம் நொடிக்கு ஓர் அங்குலம். நமக்கு அந்தப் பொறுமை கிடையாது, கை தானாக ஓடும். அழுத்தினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். அழுத்தினால் டூயல் ஆக்ஷன் பேட் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே நடுங்கும். பேடைப் பிடித்திருக்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்துக்கொண்டேன். கோடு சுற்றினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

துடைத்தபோது பளபளத்தது. சந்தோஷப்படக் கூடாது. பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி ஏமாற்றும். ஆல்கஹால் கலந்த தண்ணீரைத் தெளித்துத் துடைத்தேன். பாதிக் கீறல்கள் திரும்பி வந்தன. இன்னொரு சுற்று. பேடைச் சுத்தம் செய்து மறுபடியும். மூன்றாவது தடவை டார்ச் அடித்தபோது வலை இல்லை, ஒற்றைப் புள்ளி மட்டும். போர்டிகோவின் ட்யூப்லைட் அதில் நேர்க்கோடாகத் தெரிந்தது.

அப்பா வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன வருசமாத் தொடைக்கறன், இப்பிடி வல்லியே கண்ணு" என்றார். துணியைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். "மெஷின்ல போடறதுப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் கேஜோடு வண்டியைச் சுற்றி வந்தேன். கூரை 104. பானட் 98 முதல் 110. வலது கதவுகள் இரண்டும் 105-ஐ ஒட்டி. இடது முன் ஃபெண்டரில் 240. கேஜ் தப்பு என்று ஆஃப் செய்து போட்டேன். 243. இடது முன் கதவு 310, அதன் கீழ்ப்பகுதியில் 640. அந்த எண்ணுக்கு உள்ளே பட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பின் கதவு 190. பம்பர் பிளாஸ்டிக், அதில் கேஜ் எதுவும் காட்டாது. ஆனால் இடது ஓரத்தில் மட்டும் நீலம் ஒரு நூல் வேறாக இருந்தது. வலது பக்கம் முழுவதும் கம்பெனிப் பெயின்ட். இடது பக்கம் முழுவதும் ஒரு தடவையல்ல, பல தடவை அடித்தது.

பெயின்டர் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அதய நாஞ் சொல்லக்கூடாதுங் தம்பி. அவருகிட்டயே கேட்டுக்குங்க."

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டேன். அப்பா அம்மா இருக்கும் பக்கம் பார்த்துவிட்டு வெளியே வந்தார். ரெண்டு வருஷமாகவாம். முதலில் கேட் தூண். அப்புறம் சேவூர் ரோட்டில் நின்றிருந்த ஒரு டெம்போ. அப்புறம் மறுபடியும் தூண். "இருந்தாப்ல இருந்து வந்து நிக்குது கண்ணு. கருப்பாத் தெரிஞ்சா தெரியலீன்னு தெரியும். அப்பிடி ஒண்ணும் இல்ல, எல்லாம் தெரியற மாதிரியேதான் இருக்குது." ஒவ்வொரு தடவையும் அம்மா கோயிலுக்கோ ஒரம்பரை வீட்டுக்கோ போகும் நாளாகப் பார்த்து பட்டறையில் விட்டு எடுத்திருக்கிறார். கடைசித் தடவை ஒரு சைக்கிள். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஹேண்டில் மட்டும் உரசியது. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. டேப் ஒட்டிய ஃபெண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தச் சைக்கிள் பையன் இன்னும் ஓரடி உள்ளே வந்திருந்தால் என்று கத்தினேன். அம்மா வெளியே வந்துவிட்டார்.

கோவையில் கண் ஆஸ்பத்திரியில் ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கிளௌகோமா. இடது கண்ணில் ஓரப் பார்வை பெரும்பாலும் போயிருந்தது, வலதில் தொடங்கியிருந்தது. வலி கிடையாது, ஓரத்திலிருந்து கரையும், இல்லாத இடத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும் என்றார் டாக்டர். போனது திரும்பாது, சொட்டு மருந்து மீதியைக் காப்பாற்ற என்றார். அப்பா, "வண்டி ஓட்டலாங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

லீவை இன்னும் ஒரு வாரம் நீட்டினேன். வலது பக்கத்தையும் கூரையையும் முடித்தேன். இடது பக்கம் புதுப் பெயின்ட், கிளியர் தாராளமாகவே இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அங்கேதான் பயமில்லாமல் தேய்க்கலாம். ஆனால் முன் கதவின் ஓரத்தில் மெஷினைச் சாய்த்துப் பிடித்து, விரல் நகம் அளவுக்கு ப்ரைமர் வரை இறக்கிவிட்டேன். டேப் ஒட்ட மறந்திருந்தேன். அப்பா எழுந்து வந்து குனிந்து, தலையை இடது பக்கம் நன்றாகத் திருப்பி, அதைத் தேடிப் பார்த்தார். டாக்டர் சொல்லிக்கொடுத்த திருப்பல் அது.

"பெயின்டர்கிட்ட உட்டா ஐநூறு ரூவா. உங்கம்மாகிட்டச் சொல்லாத" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கோயிலுக்குப் போனோம். நான் ஓட்டினேன். அம்மா பழக்கத்தில் முன் கதவைத் திறந்து, பிறகு விட்டுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். அப்பா வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, அவர் வாங்கிய காரில் முதல் தடவையாக இடது பக்கம் உட்கார்ந்தார். பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று கொஞ்ச நேரம் தடவினார். பிறகு இறங்கி, டிக்கியிலிருந்து பனியன் வேஸ்டை எடுத்து வந்து முன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏறினார்.