பறவைத் தளத்தின் வரைபடம் யார் கையில்?

பறவை ஆர்வலர் குழுவின் இணையதளத்தைப் புதுப்பிக்கிறோம் என்றால், முதலில் உறுப்பினர்களைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. காரைக்கால் பகுதியில் உள்ள நம் கோட்டுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்தில் புதுச்சேரி, சுற்றிலும் தமிழ்நாடு. வெளியூர் வடிவமைப்பாளர் மாநிலவாரியாகப் பட்டியல் போட்டால் காவிரிக் கழிமுகத்துக் காரைக்கால், அரபிக்கடலோர மாஹே, கோதாவரிப் பக்கத்து ஏனாம் மூன்றும் ஒரே தலைப்பில் சேர்ந்துவிடும். ஆனால் நம் வயலில் மேயும் கொக்குக்கு நாகப்பட்டினமும் மயிலாடுதுறையும்தான் அக்கம்பக்கம். வயல், உப்பங்கழி, கடற்கரை என வாழிடவாரியாகப் பிரிக்கலாமே என்ற யோசனை, அங்கே நடந்து பார்ப்பவருக்குத்தான் எளிதில் வரும்.

‘ஆளுக்கொரு பறவையைத் தப்பாகப் பதிவு செய்தால்?’ என்பார்கள். நியாயமான கேள்விதான். பறவைப் பதிவுகளுக்கென 2002-இல் தொடங்கிய இ-பேர்டு தளம் இதற்கு வழி காட்டியிருக்கிறது. வழக்கத்துக்கு மாறான இனமோ எண்ணிக்கையோ வந்தால் தளமே எச்சரிக்கும். வட்டாரம் அறிந்த தன்னார்வலர்கள் சரிபார்ப்பார்கள். அப்படி 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் தந்த பதிவுகளைக் கொண்டுதான் 2023-இல் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது.

‘பத்துப் பேர் சொன்னால் பத்துத் தளமாகிவிடும்’ என்பது அடுத்த ஆட்சேபம். நிறத்தையும் எழுத்துருவையும் வடிவமைப்பாளரே முடிவு செய்யட்டும். எதைப் பதிவது, எந்தக் கூட்டின் இருப்பிடத்தை மறைப்பது என்பதை உறுப்பினர்கள் சொல்லட்டும். 2015 முதல் ஜனவரிதோறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. புதிய படிவத்தைச் சோதிக்க அதைவிட நல்ல சமயம் இல்லை.