கார்டின் ஓரத்தில் எழுதியது

எழுத்தாளர்களின் பழைய கடிதங்களைப் படியெடுக்கப் பழக வருகிறவர்களுக்கு நான் எடுத்த எடுப்பில் பேனா தருவதில்லை. ஒரு கட்டுக் கடிதத்தைக் கொடுத்துச் சில நாள் வாசிக்க மட்டும் சொல்வேன். எழுதியவரின் கைக்கு நம் கண் பழக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கையெழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, குறில் கொம்பும் நெடில் கொம்பும் ஒன்றுபோல் இருக்கும், காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஐயா அச்சுக்கோத்துப் பழகி, பிறகு மெய்ப்புத் திருத்தியவர். "சத்தமாப் படி. நாக்கு தடுக்குற இடத்துல கண்ணு தப்புப் பண்ணியிருக்கும்" என்பார். இன்றும் அப்படித்தான் ஒப்புநோக்குகிறேன்.

தேதியில் கவனம் வேண்டும். வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கொரு முறை திரும்பி வரும். விக்கிரம வருஷம் என்றால் 1880ஆகவும் இருக்கலாம், 1940ஆகவும் இருக்கலாம். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் இரண்டையும் கண்டவர். தபால் முத்திரையைப் பார்க்காமல் ஆண்டு போடக் கூடாது. உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் கொண்டுவந்து கொடுப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரியும்.

ஐயரவர்கள் கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே சீவக சிந்தாமணியைச் சென்னையில் அச்சிட்டார். 1887இல் நூல் வெளிவந்தது. நூல் வாங்குவோரிடம் கையொப்பம் சேர்ப்பது, ஏடு கேட்பது, காகிதக் கடன், பாட ஐயம் எல்லாவற்றுக்கும் தபால்தான் துணை. பாரீஸிலிருந்து பிரெஞ்சுத் தமிழறிஞர் ஜூலியன் வின்சோன் அவருக்குத் தமிழிலேயே எழுதினார். தமக்கு வந்தவற்றை ஐயரவர்கள் பத்திரப்படுத்தினார். அவர் பிறருக்கு எழுதியவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. ஆகவே பதில் கடிதத்தில் 'தாங்கள் இன்ன தேதி எழுதியது கிடைத்தது' என்ற வரி கண்ணில் பட்டால் உடனே தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காணாமல்போன கடிதம் ஒன்றின் தேதி கிடைத்துவிட்டது. அதில் என்ன கேட்டிருந்தார் என்பதும் பதிலைக் கொண்டே பாதி தெரிந்துவிடும்.

தொகுப்பு அச்சுக்குப் போகும்போது, காசு பணம் பேசும் வரிகளை எடுத்துவிடலாமே என்று யாராவது ஒருவர் வந்து சொல்வார். இலக்கியம் பேசும் பகுதி மட்டும் போதும் என்பது அவர் எண்ணம். நான் இசைவதில்லை. 1879இல் அறிமுகமான கால் அணா தபால் கார்டில் இடம் கொஞ்சம். இலக்கிய விசாரம் நடுவில் முடிந்து, விற்ற பிரதிக்குப் பணம் வராததும் அச்சுக்கூடத்துப் பாக்கியும் ஓரத்தில் பொடியெழுத்தில் நெருங்கி நிற்பதை எத்தனையோ கார்டுகளில் பார்த்திருக்கிறேன். ஒரு புத்தகம் எப்படி உயிர் பிழைத்து நம் கைக்கு வந்தது என்பது அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. கார்டைத் திருப்பித் திருப்பிப் படியுங்கள். எழுதியவரின் பிழையைத் திருத்தாதீர்கள். நீங்கள் ஊகித்த எழுத்தைப் பகர அடைப்புக்குள் போடுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் எழுத்தாளர் யாருடைய கடிதக் கட்டாவது கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். குண்டூசியையும் கிளிப்பையும் மெதுவாக எடுத்துவிட்டு, உறையோடு சேர்த்து நல்ல நூலகம் ஒன்றில் ஒப்படையுங்கள்.