கை வலிக்கு சார்

2014 டிசம்பர். பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். கடைசி வரிசையில் ஒரு பையன் பேனாவை வைத்துவிட்டு வலக்கையை உதறினான். அருகில் போனேன். "கை வலிக்கு சார்" என்றான்.

விடைத்தாளைப் பார்த்தேன். கோழி கிளறிய மாதிரி எழுத்து. "எழுதுனா வலிக்கத்தாம்ல செய்யும். பேசாம எழுது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் வேலை எனக்கு. அப்போது பத்தொன்பது வருட அனுபவம். அத்தனை வருடமும் பிள்ளைகளின் நோட்டுகளில் "கையெழுத்தைத் திருத்துக" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். ரொம்ப மோசமாக இருந்தால் இரட்டைக் கோடு நோட்டில் பத்துக் குறளை ஐந்து தடவை எழுதி வரச் சொல்வேன். என் எழுத்து அழகாக இருக்கும். ஆண்டுவிழாப் பலகை எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். எழுத்து சரியில்லாதவனுக்கு அக்கறை இல்லை என்றுதான் மனதார நம்பியிருந்தேன். இத்தனை வருடத்தில், எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் விரல்களை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. எழுதி முடித்த தாளைத்தான் பார்த்திருக்கிறேன்.

பொதுத்தேர்வு முடிவு வந்தது. அந்தப் பையனுக்குத் தமிழில் 200க்கு 138. வகுப்பில் கேள்வி கேட்டால் முதலில் எழுந்து நிற்கிறவன் அவன். 170க்குக் குறையாது என்று நானே சொல்லியிருந்தேன். விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி, கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அம்மாவோடு பள்ளிக்கு வந்தான். திருத்தியவர் மதிப்பெண் போடாமல் விட்டிருப்பார் என்ற சந்தேகம் அவர்களுக்கு. எனக்கும்தான்.

தாள்களைப் புரட்டினேன். முதல் ஐந்தாறு பக்கம் தெளிவாகவே இருந்தது. பிறகு வரி மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பத்தாவது பக்கத்துக்குமேல் புள்ளிகளே இல்லை. ரகரம் எது, துணைக்கால் எது என்று தெரியவில்லை. கொம்பில் ஒற்றை எது, இரட்டை எது என்றும் பிரிக்க முடியவில்லை. இரண்டு வருடம் அவன் நோட்டைத் திருத்திய நானே ஒரு நெடுவினாவின் நடுவில் நின்றுபோனேன். "இது என்ன வார்த்தைல?" என்றேன். குனிந்து பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனாலும் வாசிக்க முடியவில்லை.

பழைய ஏடுகளைப் பற்றி வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஓலையில் மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். எகர ஏகார வேறுபாடும் தெரியாது. அப்படிப்பட்ட ஏடுகளோடு வருடக்கணக்கில் போராடித்தான் உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அந்தச் சிக்கல் எல்லாம் அன்று என் மேசைமேல் கிடந்த நகலில் இருந்தது. ஆனால் விடைத்தாள் திருத்துகிறவருக்கு வருடங்கள் கிடையாது, ஒரு தாளுக்குச் சில நிமிடங்கள்தான். நானும் விடைத்தாள் திருத்தும் முகாம்களில் உட்கார்ந்தவன். மாலையில் கண் எரிகிற நேரத்தில் வாசிக்க முடியாத பத்தி வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவன் அம்மா பீடி சுற்றுகிறவர். அதுவரை பேசாமல் இருந்தவர் மகனின் கையை எடுத்து நடுவிரலைத் திருப்பிக் காட்டினார். நகத்துக்குப் பக்கத்தில் காய்த்துப்போய் ஒரு குழி. "பேனாவ எப்படி இறுக்கிப் பிடிக்கான் பாருங்க சார். நாங்களும் புதுசுல இப்படித்தான் பீடியப் பிடிச்சிச் சுத்துவோம். ஐநூறு தாண்டுறதுக்குள்ள கை வீங்கிரும். லேசாப் பிடிக்கப் பழகுனாத்தான் நாள் முழுக்கச் சுத்த முடியும்" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு வருடமாக என் கண்முன் இருந்த கை அது.

அவர்கள் போன பிறகும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. விடுமுறையில் ஒருநாள் பள்ளிக்குப் போய், பூட்டியிருந்த வகுப்பைத் திறந்து, அவன் எழுதிய அதே வினாத்தாளை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பொதுத்தேர்வு போலவே 10.15க்குத் தொடங்கி 1.15க்கு முடிப்பதாகத் திட்டம். கல்லூரி முடித்தபின் ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் நான் எழுதியதே இல்லை. முக்கால் மணி நேரம் சுகமாகப் போனது. அதன்பின் கட்டைவிரலின் அடியில் ஒரு இழுப்பு. ஒன்றரை மணி நேரத்தில் வலி முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது. விரலை அசைக்கிற தசைகள் பெரும்பாலும் முன்கையில்தான் இருக்கின்றன, அதனால்தான் வலி அங்கே போய் நிற்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வியர்வையில் தாள் நனைந்து, நனைந்த இடத்தில் பால்பாயிண்ட் பேனா எழுத மறுத்தது. எழுதவில்லையே என்று இன்னும் அழுத்தினேன். 12.30க்கு என் எழுத்தைப் பார்த்தேன். அதிலும் புள்ளிகள் காணாமல் போயிருந்தன. ஆண்டுவிழாப் பலகை எழுதுகிற கை அது. அந்த வெறும் வகுப்பில் அன்று அழுதேன்.

அடுத்த ஜூனிலிருந்து பிள்ளைகள் எழுதும்போது அவர்களுடைய விரல்களைத்தான் பார்க்கிறேன். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவச் சொல்வேன். மேடு மேடாகத் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம். அடியில் கார்பன் தாள்களும் வெள்ளைத் தாள்களும் மாற்றி மாற்றி வைத்து எழுதச் சொன்னபோது, ஒருத்திக்கு நான்காவது தாள்வரை எழுத்து பதிந்திருந்தது. அவளே மிரண்டுபோனாள். பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பசையுள்ளது, கெட்டியானது. அழுத்தினால்தான் இறங்கும். ஜெல் பேனாவிலும் மைப் பேனாவிலும் இருப்பது நீர் கலந்த மை, தொட்டாலே ஓடும். எல்லாரையும் ஜெல்லுக்கு மாற்றச் சொல்ல நான் தயாரில்லை. வியர்வை பட்டால் அந்த மை கலைந்துவிடும். எந்தப் பேனா என்பதைவிட அது எத்தனை நாள் பழகிய பேனா என்பதுதான் முக்கியம். தேர்வன்று காலையில் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்த புத்தம்புதுப் பேனாவோடு வருகிற பிள்ளைகளைக் கண்டால் எனக்குப் பதறும். பத்து நாள் முன்னாலேயே வைத்து எடுத்து எழுதிப் பழகுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மற்றது உட்காரும் விதம். குள்ளமான பிள்ளைகளுக்கு மேசை நெஞ்சுவரை வருகிறது. தோள் மூன்று மணி நேரமும் தூக்கியே இருக்கிறது. தச்சரைக் கூப்பிட்டு ஆறு மேசைகளின் காலை இரண்டு அங்குலம் குறைத்தோம். தேர்வு மையத்தில் அது நடக்காது. அதனால் முன்கை முழுவதையும் மேசைமேல் கிடத்தித் தோளை இறக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். வலக்கைக்காரர்கள் தாளின் தலைப்பகுதியை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்வதில்லை. இடக்கைக்காரர்களுக்கு நேர் எதிராக. பக்கத்தின் கடைசி வரிகளில் கை பரீட்சை அட்டையின் விளிம்பிலிருந்து வழுக்கித் தொங்குகிறது. அங்கேதான் பலருக்கு எழுத்து உடைகிறது. கையைக் கீழே கொண்டுபோகாமல் தாளை மேலே தள்ள வேண்டும். உள்ளங்கைக்கு அடியில் ஒரு கைக்குட்டை போதும், மார்ச் வெயிலைச் சமாளிக்கலாம்.

புள்ளி விஷயத்தில் மட்டும் நான் இன்னும் கண்டிப்பானவன். வரி முழுக்க எழுதிவிட்டுத் திரும்பிவந்து புள்ளி வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. கை சோர்ந்ததும் முதலில் கைவிடப்படுவது அந்தத் திரும்பிவரும் பயணம்தான். ஒரு சொல்லை முடித்ததும் அதன் புள்ளிகளை வைத்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். ண, ன இரண்டிலும் சுழியை எண்ணுகிற அளவுக்குத் திறந்து எழுத வேண்டும். அழகு யாருக்கு வேண்டும்? அடுத்தவர் தடுமாறாமல் வாசித்தால் போதும்.

வகுப்புத் தேர்வுகள் எல்லாம் ஒரு பீரியடில் முடிந்துவிடுகின்றன. முக்கால் மணி நேரம் மட்டுமே எழுதிப் பழகிய கையை மூன்று மணி நேரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது நவம்பரிலிருந்து சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, பொங்கலுக்குப் பிறகு மூன்று என்று கூட்டிக்கொண்டே போகிறோம். எழுதியதை நான் திருத்துவதில்லை. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர்களையே பார்க்கச் சொல்கிறேன். இம்போசிஷன் கொடுப்பதை விட்டுவிட்டேன்.

போன வருடம் தபால் ஆபீஸில் அந்தப் பையனைப் பார்த்தேன். அம்மா பெயரில் கணக்குத் தொடங்க வந்திருந்தான். "சார், பேனா இருக்கா?" என்றான். கொடுத்தேன். நின்றபடியே படிவத்தை நிரப்பினான். பின்னால் நின்று பார்த்தேன். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின்மேல் ஏறி, கணு வெளுத்து, அதே பிடி.

அவன் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தேன். "அன்னைக்குக் கை வலிக்குன்னு நீ சொன்னப்பவே நான் பாத்திருக்கணும்யா. பாக்காம விட்டது என் தப்பு" என்றேன்.

அவன் பேனாவை மூடி என்னிடம் நீட்டினான்.

"எப்ப சார் சொன்னேன்?" என்றான்.