பாகூர் வண்டி

வில்லியனூரில் பாகூர் வண்டிக்கு நிற்கிறவன் கடலுக்குப் போகிறான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். கடல் இருப்பது கிழக்கே. வண்டி போவது தெற்கே, நெல்லுக்கும் கரும்புக்கும் நடுவே. கடற்கரை பார்க்க வருகிறவர்கள் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி காந்தி சிலைக்கு ஆட்டோ பேசுவார்கள். முதுகில் பெரிய பை மாட்டிய வெளிநாட்டுப் பிள்ளைகள் செரினிட்டி பீச், ஆரோவில் என்று வடக்கே திரும்புவார்கள். படகுச் சவாரி வேண்டும் என்கிறவர்களுக்குச் சுண்ணாம்பாறு. எங்களுக்கு மட்டும் கடல் பாகூருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. பாகூரில் ஆயா வீடு இருந்ததுதான் காரணம்.

இப்போது நான் பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறேன். பஸ் ஸ்டாப்பில் ஒரு திரை, அடுத்த வண்டி இன்னும் எத்தனை நிமிடம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வண்டியும் சொன்னபடி வரும். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, வாயைத் திறக்காமலே ஊரின் அந்தக் கோடிவரை போய் வரலாம். ‘பாகூர் வண்டி போயிடுச்சாண்ணே?’ என்று டீக்கடையில் கேட்டு, ‘இப்பதான் போச்சு’ என்று ஒருவரும் ‘இன்னும் வரவே இல்ல’ என்று இன்னொருவரும் சொல்ல, இரண்டையும் நம்பிக்கொண்டு நின்ற அந்த நிற்பு இங்கே கிடையாது.

பாகூருக்குப் பெரும்பாலும் தனியார் வண்டிகள்தான் ஓடும். நெற்றியில் ஒரு சாமி பெயரோ முதலாளி பிள்ளையின் பெயரோ எழுதியிருக்கும். டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடியின்மேல் சாக்கை விரித்து நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கரிக்கலாம்பாக்கம் வருவதற்குள் அந்தச் சாக்கு தோசைக்கல்லாகிவிடும். பாட்டு இளையராஜா. பாட்டு சரியில்லாத வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நிற்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், அதில் ஒருவர் என் சொந்தச் சித்தப்பா. கண்டக்டர் ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் வைத்திருப்பார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு டிக்கெட்டைக் கிழிப்பார். சில்லறை இல்லையென்றால் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதித் தந்துவிட்டு நகர்ந்துவிடுவார். இறங்கும்போது நாமாகக் கேட்டால்தான் வரும். கூச்சப்பட்டு நான் கேட்காமல் விட்ட சில்லறையைச் சேர்த்திருந்தால் அந்த வண்டியில் ஒரு டயராவது எனக்குச் சொந்தமாகியிருக்கும்.

மங்கலம் பக்கம் போகும்போது பெரியவர்கள் யாராவது மேற்கே கை நீட்டி ‘கீழூர் அங்கதான்’ என்பார்கள். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, பிரெஞ்சு இந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்ட ஊர் அது. 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த நவம்பர் முதல் தேதியே ஆட்சி கைமாறினாலும், சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று தவணை கொடுத்தார்கள். எங்கள் தாத்தாவின் அண்ணன் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவர், எழுதிக் கொடுத்தார். தாத்தா கொடுக்கவில்லை, அவருக்குக் கதிர் அறுப்பு நேரம். குடும்பம் இரண்டு நாட்டுக்காரர்களாகப் பிரிந்தது இப்படித்தான்.

பிரிந்து போன அந்தக் கிளையிலிருந்து ஒருவன், எனக்கு மாமா மகன், 1990-களின் கடைசியில் ஒரு தை மாதம் வந்து இறங்கினான். அவன் உயரத்தில் முக்கால் உயரம் இருந்தது அவன் முதுகுப்பை. அடியில் சுருட்டிய பாய், பக்கத்தில் தொங்கும் ஒரு தகரக் குவளை. சத்தமில்லாத ஒரு கடற்கரை வேண்டும், ஊர் பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றான். காசு கொடுத்து இப்படிக் கஷ்டப்படுகிறார்களே என்று ஆயாவுக்கு ஆற்றாமை. வண்டியில் ஏறியதும் கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்து, ‘இன்னா சார், ஊட்டையே பேத்துக்கினு வந்துட்டாரா?’ என்றார். மாமா மகனுக்குப் புரியவில்லை, ஆனால் வண்டி முழுக்கச் சிரித்ததால் அவனும் சிரித்தான். பைக்கு அரை டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று பின்சீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அதைப் பிள்ளையைப் போல மடியில் வாங்கிக்கொண்டார்.

பாகூர் ஏரிக்கரையில் அவனை நடத்திக் கூட்டிப் போனேன். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர் அது. பங்காரி, சிங்காரி என்று அக்கா தங்கைகள் இருவர் தங்கள் சொத்தையெல்லாம் போட்டு வெட்டிய வாய்க்கால்கள் என்று ஆயா கதை சொல்லும். கதையில் தங்கைக்குப் பங்கு குறைவாகவே வரும். ஆயா வீட்டில் மூத்தவள். புதுச்சேரிக்கே சோறு போடும் மண் என்று பாகூருக்குப் பெயர் வந்தது இந்தத் தண்ணீரால்தான். தை மாதத்தில் ஏரி முகம் வரை நிறைந்து, கரைக்கு மேற்கே தண்ணீரும் கிழக்கே கதிரும் ஒரே உயரத்தில் கிடப்பதுபோல் தெரியும். 1752-இல் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்றது இந்தப் பாகூரில்தான் என்றேன். தன் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித் தரவில்லையே என்றான். தோற்ற இடத்தை எவன் பாடப் புத்தகத்தில் போடுவான்!

மூலநாதர் கோயிலுக்குள் நிழல் குளிர்ந்திருந்தது. சோழர் காலக் கற்றளி. அதற்கும் முந்தைய ஒன்றை அவனிடம் சொன்னேன். பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இந்த ஊரில் ஒரு கல்விச்சாலை இருந்தது. அதை நடத்துவதற்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைச் செப்பேட்டில் வெட்டி, வளையத்தில் கோத்து, நந்தி முத்திரை போட்டார்கள். அந்த ஏடுகள் 1879-இல் கிடைத்தன. இப்போது இருப்பது பாரிஸ் தேசிய நூலகத்தில். ‘எங்க ஊர்லயா?’ என்று கேட்டான் மாமா மகன். எந்த ஊரை அவன் ‘எங்க ஊர்’ என்றான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இன்று அந்த நூலகத்துக்கு என் வீட்டிலிருந்து ரயிலில் சீக்கிரம் போய்விடலாம். போனதில்லை. போய்க் கேட்டால் காட்டுவார்களோ, மாட்டார்களோ. காட்டிவிட்டால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான், என்ன பேசிக்கொள்வது? ‘வண்டி போயிடுச்சா’ என்று கேட்கவா?

ஏரியிலிருந்து கடலுக்கு இன்னொரு வண்டி. பாகூரிலிருந்து கன்னியக்கோயில் வந்தால் கடலூர் மெயின் ரோடு. வண்டியில் தெற்கே போனால் கொஞ்ச தூரத்தில் முள்ளோடை, அதோடு புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு. சாயங்காலமானால் கடலூர்க்காரர்கள் முள்ளோடைக்கு எதற்கு வருவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர்களைத் திரும்ப வண்டியில் ஏற்றி, டிக்கெட் வாங்கி, இறக்குமிடத்தில் இறக்கிவிடுகிற கண்டக்டருக்குத் தனி விருது கொடுக்க வேண்டும். நாங்கள் அவ்வளவு தூரம் போகாமல் கன்னியக்கோயிலில் இறங்கி, கிழக்கே மணப்பட்டு ரோட்டில் நடந்தோம். பனை, அப்புறம் முந்திரி, அப்புறம் சவுக்கு. காற்றின் வாடை மாறும் இடத்தில் தார் போய் மணல் வரும்.

கடற்கரையில் எங்களைத் தவிர வெளியாள் கிடையாது. மணல்மேட்டில் அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கிடந்தது. கட்டுமரங்களை இழுத்துப் போட்டிருந்தார்கள். நாலு பேர் வலையைப் பிரித்து உட்கார்ந்து, கால் பெருவிரலில் ஒரு கண்ணியை மாட்டி இழுத்துப் பிடித்தபடி ஊசியால் பொத்தல் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்களைப் பார்த்து, ‘யார் ஊட்டுப் புள்ளைங்க?’ என்றார். பாகூரில் இன்னார் வீடு என்று சொன்னதும் ‘அப்ப சரி’ என்று மறுபடி குனிந்துகொண்டார். எத்தனையோ நாட்டுக்குப் போயிருந்தும் எந்தக் கடற்கரையிலும் தன்னை இப்படி யாரும் கேட்டதில்லை என்றான் மாமா மகன். தகரக் குவளையில் அவர்கள் ஊற்றிக் கொடுத்த கருப்பட்டிக் காப்பியை அவன் மறக்கவே இல்லை. இன்றும் சந்தித்தால் அதைத்தான் பேசுகிறான்.

ஏங்குவது கடலுக்காக மட்டும் என்றால் பிரான்சிலும் கடல் இருக்கிறது, ஒரு முறை போய் வந்தால் போதும். நெல்லுக்குள் நுழைந்து, ஏரியைச் சுற்றி, கோயிலில் கும்பிட்டு, கடலின் முதுகுப் பக்கமாகப் போய்ச் சேர்கிற அந்தச் சுற்றுவழிதான் எனக்கு வேண்டியிருக்கிறது. வில்லியனூரில் பிறந்து, பாகூரை ஒட்டிய சேலியமேட்டில் வாழ்ந்த கவிஞர் வாணிதாசனைத் தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த் என்கிறார்கள். பட்டம் கொடுத்தவர்கள் இந்த வண்டியில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வந்ததில்லை போலிருக்கிறது. வந்திருந்தால் இங்கிலாந்து வரைக்கும் போய் ஆள் தேடியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் நடந்தவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். 2004 டிசம்பர் 26 சுனாமி கரையோரக் குப்பங்களைப் புரட்டிப் போட்டது. கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, நிழல் என்று இருந்த மரங்களை எல்லாம் சாய்த்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழை ஓய்ந்த கையோடு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்க, பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் வெள்ளம். அத்தை போனில் அழவில்லை, மாட்டை மேட்டில் கட்டிவிட்டோம் என்று மட்டும் சொன்னார். இடையில் வடக்கே சின்ன வீராம்பட்டினத்துக் கடற்கரை ஈடன் பீச் ஆகி, சுத்தத்துக்காக நீலக்கொடியும் வாங்கிவிட்டது. நல்லதுதான். ஆனால் நீலக்கொடி பறக்கிற கடற்கரையில் ‘யார் ஊட்டுப் புள்ள?’ என்று எவரும் கேட்கப் போவதில்லை, டிக்கெட்தான் கேட்பார்கள்.

ஆயா இல்லை. வீட்டில் அத்தை இருக்கிறார். வைகாசியில் வில்லியனூர் திருக்காமீசுவரர் தேருக்கு வரலாம் என்று இருக்கிறேன். பிரெஞ்சு கவர்னர் வடம் தொட்டு இழுத்த தேர் அது; வழக்கம் விடாமல் இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். தேர் முடிந்து பாகூர் வருகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன்.

‘தம்பி கார் வெச்சிருக்கான்பா. வில்லியனூருக்கே வந்து அழைச்சிக்குவான்.’

‘வேணாம் அத்த, பஸ்ல வரேன்.’

‘பஸ்லயா? யார்ரா இப்ப பஸ்ல வரா! ஆளாளுக்கு வண்டி வாங்கிட்டானுங்க, இருந்த பஸ்ஸும் கொறஞ்சிபோச்சி.’

‘பரவால்ல அத்த, நின்னு வரேன்.’

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. யாரையோ கூப்பிட்டுக் கேட்டுவிட்டு வந்தார்.

‘அப்ப காலையில எட்டரைக்குள்ள ஸ்டாப்புல நில்லு. அத உட்டா மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் கெடையாது. சில்லறையா எடுத்தாந்துடு, கண்டக்டரு திட்டுவான்.’